நெட் தேர்வில் மகளிரியல்: இரண்டாவது முறை நான் படித்த விதம்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மகளிரியலை எடுப்பவர்கள் நம் பக்கம் கம்மிதான். அதனால் கேட்டுப் படிக்க ஆளும் கிடைப்பதில்லை. முதல் முறை எழுதித் தோற்றேன். இரண்டாவது முறை உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் மாற்றிக்கொண்டது என்ன என்று எங்கள் ஊர்த் தங்கை ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தேர்வு அமைப்பைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் பொதுவான முதல் தாள் 50 கேள்வி, நாம் எடுத்த பாடத்துக்கான இரண்டாம் தாள் 100 கேள்வி, கேள்விக்கு 2 மதிப்பெண் வீதம் மொத்தம் 300, இரண்டும் ஒரே அமர்வில் மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். மகளிரியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்த எனக்கு இது பெரிய சுவராக இருந்தது. ஒரு நோட்டுப் போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில், வலப்பக்கம் எனக்குப் புரிந்த மாதிரி ஒரு வரி என்று எழுதி வைத்தேன். புத்தக வரையறையை அப்படியே எழுதினால் நிற்காது, உங்கள் வாயில் வருகிற வரியாக இருக்க வேண்டும்.

முதல் முறை நான் செய்த தப்பு, சட்டங்களையும் ஆண்டுகளையும் ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, தினமும் காலையில் ஒப்பித்தது. வீட்டில் சொல்லும்போது எல்லாம் சரியாக வந்தது. தேர்வில் கால வரிசைப்படுத்தச் சொன்னபோது 1983, 1986, 1987 மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. குற்றவியல் சட்டத் திருத்தமா, பெண்களை ஆபாசமாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டமா, உடன்கட்டை ஏற்றுவதைத் தடுக்கும் சதித் தடுப்புச் சட்டமா, எது எந்த வருஷம்? தெரியவில்லை. வெளியே வந்து பஸ் ஏறும்வரை அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நாலு மாசம் புத்தகத்தையே தொடவில்லை. திரும்பத் தொட்டது நார்வே பெண்களால். 2021 ஜூலையில் பல்கேரியாவின் வார்னாவில் நடந்த ஐரோப்பிய பீச் ஹேண்ட்பால் போட்டியில், நார்வே பெண்கள் அணி பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் போட்டு ஆடியது. அதற்காக அவர்களுக்கு 1,500 யூரோ அபராதம். ஆண்கள் ஷார்ட்ஸ் போடலாம், பெண்களுக்கு மட்டும் துணியின் பக்க அகலம் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருந்திருக்கிறது. நான் எட்டாம் வகுப்பில் கபடி ஆடினேன், நன்றாகவே ஆடினேன். ஷார்ட்ஸ் போட்டு ஊருக்கு நடுவே ஆடுவதா என்று பெரியப்பா கேட்டதோடு என் ஆட்டம் நின்றது. அங்கே ஷார்ட்ஸ் போட்டதற்கு அபராதம், இங்கே ஷார்ட்ஸ் போட்டதற்கு ஆட்டமே போச்சு. துணி கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு, ஆனால் அளவை முடிவு செய்வது இரண்டு இடத்திலும் ஆடுகிற பெண் இல்லை. அன்று இரவு தூங்காமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் நாலு கேள்வி எழுதினேன். அவள்மேல் என்ன திணித்தார்கள்? திணித்தது யார்? அவள் எங்கே போய் முறையிட்டாள்? கிடைத்தது முழுசா, பாதியா? அதற்குப் பிறகு படித்த ஒவ்வொரு சம்பவத்தையும் இந்த நாலு கேள்வியில் போட்டுத்தான் படித்தேன்.

நாலாவது கேள்விதான் முக்கியம், அதைத் தவறவிடாதீர்கள். நான் நாஞ்சில் நாட்டுக்காரி, பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் வந்தது, பெண்கள் வென்றார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தபோதுதான் மீதி தெரிந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை போடலாம், மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது என்பதும் அதே பிரகடனத்தில் இருக்கிறது. நார்வே விஷயத்திலும் எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டிலேயே விதியை மாற்றினார்கள். மாற்றிய விதியில் பெண்களுக்கு ஷார்ட்ஸ் உண்டு, ஆனால் உடலோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். நடுவில் 162 வருஷம் ஓடியிருக்கிறது. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு இந்த இரண்டு ஆண்டும் எனக்கு மறந்ததே இல்லை.

நீதி சம்பந்தமான பகுதியிலும் இதே முறைதான். மதுரா வழக்கை எடுங்கள். மகாராஷ்டிராவில் ஒரு ஆதிவாசிச் சிறுமிக்கு 1972இல் காவல் நிலையத்தில் நடந்த கொடுமை அது. உடம்பில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. தீர்ப்பு வந்தது 1978 செப்டம்பரில், தீர்ப்புத் தொகுப்பில் அச்சானது 1979இல், அதனால் புத்தகத்துக்குப் புத்தகம் ஆண்டு மாறும், பயப்படாதீர்கள். 1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்பட நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள், நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் பாலியல் வன்கொடுமையில், நான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதையே அனுமானமாகக் கொள்ள வேண்டும் என்று வந்தது. சட்டம் மாறியது, ஆனால் மதுராவுக்கு என்ன கிடைத்தது? இதைக் கேட்டுக்கொண்டு படித்தால் 1983 எப்படி மறக்கும்?

பன்வாரி தேவியிடம் பலரும் சறுக்குகிறார்கள். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன கிராமப் பணியாளர் அவர், கொடுமை நடந்தது 1992இல். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 1997இல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா நெறிமுறைகள் அவருடைய குற்ற வழக்கின் தீர்ப்பு இல்லை, பெண்கள் அமைப்புகள் தொடுத்த பொதுநல வழக்கின் தீர்ப்பு. குற்ற வழக்கில் கீழ் நீதிமன்றம் 1995லேயே பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து எல்லாரையும் விடுவித்துவிட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் வந்தது 2013இல். கூற்று-காரணம் வகைக் கேள்வியில் இந்த இரண்டு வழக்கும் ஒன்று என்று நினைத்தால் மதிப்பெண் போய்விடும்.

விளையாட்டில் கட்டாயம் படிக்க வேண்டிய ஜோடி சாந்தி சௌந்தரராஜனும் தூதி சந்தும். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண் சாந்தி. பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். உடலில் ஆண் ஹார்மோன் அளவு கூடுதல் என்று தூதியை 2014 காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கினார்கள், ஆனால் அவர் சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் நீதிமன்றம்வரை போனார், இந்திய விளையாட்டு ஆணையம் துணைக்கு நின்றது, 2015இல் அந்த ஹார்மோன் விதியையே நிறுத்தி வைக்க வைத்தார். இரண்டு பேரும் ஓட்டக்காரிகள், இரண்டு பேரும் ஏழை வீட்டுப் பெண்கள். முறையிட ஒரு வாசல் இருந்தது ஒருத்திக்கு, இல்லாமல் போனது இன்னொருத்திக்கு. மூன்றாவது கேள்வியின் அர்த்தம் எனக்கு இங்கேதான் முழுசாகப் புரிந்தது. சாந்தியைப் பற்றி எழுதிய அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் நிதானமாகப் படிக்க முடிவதில்லை.

கோட்பாட்டையும் தனியாகப் படிக்காதீர்கள். ஒரு பெண்மேல் பல ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னி விழுவதைச் சொல்லும் கோட்பாடு இன்டர்செக்‌ஷனாலிட்டி. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் முன்வைத்த அதை மூன்று புத்தகத்தில் படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. தோள்சீலைப் பக்கத்துக்குக் கீழே, இங்கே தடுத்தது ஆணா, சாதியா, இரண்டும் சேர்ந்தா என்று எழுதிப் பார்த்த அன்று பிடிபட்டது.

கடைசி மாதம் புதிதாக எதையும் எடுக்கவில்லை. காலையில் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்துப் போடுவேன், சாயங்காலம் தப்பாய்ப் போனவற்றுக்கு மட்டும் என் நாலு கேள்வியையும் போட்டுத் தாள் எழுதுவேன். முதல் தாளின் கணக்குப் பகுதியை வாரம் இரண்டு நாள் பார்த்தேன், எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்குக் கணக்கு பயம் என்றால் கூடுதலாக ஒதுக்குங்கள்.

என் தாள்கள் மொத்தம் 43 இருக்கின்றன. கையெழுத்து கோணலாக இருக்கும், நடுநடுவே அடித்துத் திருத்தியும் இருப்பேன். வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஆனால் உங்கள் முதல் பத்துத் தாளை நீங்களே எழுதிவிட்டுக் கேளுங்கள்.