ஒரே பகலில் நயினை அம்மன் தரிசனம்

கொழும்புக் கோட்டையில் இரவு தபால் ரயில் ஏறினால் விடிகிற நேரத்துக்கு யாழ்ப்பாணம். அன்றிரவே ரயிலில் திரும்பவும் முடியும். இடையில் கிடைக்கும் அந்த ஒரு பகல், நயினாதீவு நாகபூஷணி அம்மனை ஆறுதலாகத் தரிசிக்கப் போதும். ஆனால் அந்தப் பகலை ரயிலை வைத்துத் திட்டமிடக் கூடாது, மதியப் பூசையை வைத்துத் திட்டமிட வேண்டும். போக வர இரண்டு இருக்கைகளையும் ஒன்றாகவே பதிவு செய்துவிடுங்கள். ஆனித் திருவிழாக் காலத்தில் திரும்பும் இருக்கைதான் முதலில் தீர்ந்துபோகும்.

யாழ். பஸ் நிலையத்தில், நயினாதீவுக்குப் படகு ஏறும் துறையான குறிகட்டுவான் போகும் 776ஆம் இலக்க பஸ்ஸைக் கேளுங்கள். பண்ணைப் பாலம், வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு என்று கடலை ஊடறுத்துப் போகும் வழி. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வழியெல்லாம் ஆள் ஏற்றினால் ஒன்றரை மணியும் ஆகும். எட்டு மணிக்குள் புறப்பட்டுவிட்டால் பதற்றம் இல்லை. தண்ணீர்ப் போத்தலையும் சில்லறையையும் யாழ்ப்பாணத்திலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

குறிகட்டுவானிலிருந்து படகில் கால் மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. தடுமாறுகிற இடம் ஏறும் இடம்தான். படகு துறையோடு உரசி ஏறி இறங்கும். அது மேலெழும் கணத்தில் காலை வைக்க வேண்டும், தாழும்போது வைத்தால் சறுக்கும். பையைத் தோளில் மாட்டி இரு கையையும் வெறுமையாக வைத்திருங்கள். பழைய படகுகளில் படியிறங்கி உள்ளறையில் உட்கார வேண்டியிருக்கும். டீசல் மணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் படிக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பது உத்தமம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் அலை எற்றும், உடுப்பு நனையும். அர்ச்சனைப் பொருளைப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். திருவிழா வருவதும் அந்தக் காற்றுக் காலத்தில்தான்.

தீவில் இறங்குதுறை இரண்டு: ஒன்று அம்மன் கோயிலடி, மற்றது பௌத்த கோயிலான நாகவிகாரையடி. எது முதலில் என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். மாறி இறங்கினாலும் பயமில்லை, நடக்கிற தூரம்தான். போயா (பௌர்ணமி) நாட்களில் விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர் கூட்டமும் சேர்வதால் படகு வரிசை நீளும். அவசரமுள்ளவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

கோயிலுக்குள் ஆண்கள் மேலாடை களைய வேண்டும். கருவறையில் அம்மனுக்குப் பின்னால் படமெடுத்த ஐந்தலை நாகத்தைத் தவறாமல் பாருங்கள். தீபாராதனை காட்டும்போதுதான் நாகத்தின் படங்கள் தெளிவாகத் தெரியும். ஆகவே பூசைக்கு முன்பே நேர் எதிரே நின்றுகொள்ளுங்கள். பிள்ளை வரம் வேண்டியும் நாகதோஷம் நீங்கவும் நேர்த்தி வைத்து வருபவர்கள் இங்கே அதிகம். அவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

பூசை முடிந்ததும் அன்னதானம். சாப்பிடாமல் திரும்பாதீர்கள். மணிமேகலை அட்சய பாத்திரம் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று நம்புகிற ஊர் இது. அன்னதான மண்டபத்தின் பெயரே அமுதசுரபி. அந்தச் சோறும் பிரசாதம்தான்.

இரண்டு மணிக்கு மேல் தீவில் தங்க வேண்டாம். மாலையில் படகும் குறையும், குறிகட்டுவானில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்களும் கூடுவார்கள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டாலும் ரயிலைப் பிடிக்கிற அளவுக்கு இடைவெளி கையில் இருக்க வேண்டும்.