டூர் பிளானில் இல்லாத ரோடு

வேலூரில் மருந்து கம்பெனி ரெப்பாக, அதாவது விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிற யாரிடமாவது, ஆற்காடு லைன் வேண்டுமா ஆம்பூர் லைன் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வியாபாரத்துக்கு ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம்தான் சௌகரியம், அடுத்தடுத்த ஊர்கள், ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிடலாம். ஆம்பூர் கிட்டத்தட்ட இரண்டு பங்கு தூரம். அப்படியும் எங்களில் பாதிப் பேர் ஆம்பூர்தான் கேட்போம். காரணம் சூரியன். ஆற்காடு வேலூருக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் கிளம்பினால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், வேலையை முடித்துக்கொண்டு வேலூர் கிளினிக்குகளைப் பிடிக்க சாயங்காலம் திரும்பினால் அதே சூரியன் மேற்கே போய் மறுபடியும் எதிரே நிற்கும். ஆம்பூர்க்காரனுக்குப் போகும்போதும் முதுகில், வரும்போதும் முதுகில். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகப் புரியும், ரத்தினகிரி தாண்டி முன்னால் போகிற லாரி பிரேக் பிடித்ததா இல்லையா என்றே தெரியாது.

இதெல்லாம் எங்கள் டூர் பிளானில் வராது. அதில் வருவது எல்லாம் ஊர்ப் பெயர், தேதி, அது ஹெட்குவார்ட்டரா (சொந்த ஊர்) எக்ஸ்-ஸ்டேஷனா (போய் அன்றே திரும்புவது) அவுட் ஸ்டேஷனா (ராத்திரி தங்குவது) என்பது. ராத்திரி போடும் ரிப்போர்ட்டில் எத்தனை டாக்டர், எத்தனை மெடிக்கல் ஷாப், என்ன சாம்பிள் கொடுத்தேன் என்று இருக்கும். தூரத்துக்கு ஒரு சார்ட் வைத்திருப்பார்கள், வேலூர் டு குடியாத்தம் இத்தனை கிலோமீட்டர் என்று. குடியாத்தத்துக்குள் போனபின் ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொரு கிளினிக்குக்கு, டாக்டர் இல்லை என்று திரும்பி, மறுபடி போய், சுற்றுகிற சுற்று அதில் கிடையாது. 2021ல் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியபோது கிலோமீட்டருக்கு ஐம்பது காசு ஏற்றித் தரச் சொல்லி எல்லோரும் மெயில் போட்டோம், பார்க்கிறோம் என்றார்கள், சரி, அது வேறு கதை. நான் சொல்ல வருவது காசு பற்றி அல்ல. ஒரு நாளில் டாக்டர் முன்னால் நான் பேசுவது எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் தேறாது. மீதி ரோடும் காத்திருப்பும்தான். வேலையின் பெரும்பகுதி வண்டி மேல் நடக்கிறது, ஆனால் அது வேலைக்கணக்கில் இல்லை.

ரோடு என்பதைவிட, எந்த ரோடு எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை பொய்கையில் மாட்டுச் சந்தை. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும்கூட மாடு வரும். வேலூர் தாண்டி பள்ளிகொண்டா போகிற அந்த ஹைவேயில் அன்றைக்குக் குட்டியானை வண்டிகள் இண்டிகேட்டர் போடாமல் இடது பக்கம் ஒடித்துத் திரும்பும். பின்னால் நிற்கிற மாடு நிலை தவறி ஒரு பக்கமாகச் சாய, வண்டியே லேசாக ஆடும். ரோட்டில் சாணம் வேறு. காய்ந்த சாணத்தால் ஒன்றும் ஆகாது, ஈரச்சாணத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் கீழே கிடக்க வேண்டியதுதான். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் போனால் தோல் லாரி. பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கிக் கொண்டு வருவார்கள், அந்த உப்புத் தண்ணீர் வழிநெடுகச் சொட்டிக்கொண்டே போகும். லாரி கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், வாடை வந்தால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், அதற்கப்புறம்தான் எங்கே ஈரம் என்று பார்ப்பது. ஆம்பூரில் சாயங்காலம் ஷூ கம்பெனி விடுகிற நேரம் என்றால் பஸ்ஸும் வேனும் ஷேர் ஆட்டோவும், நடந்து ரோட்டைக் கடக்கிற நூற்றுக்கணக்கான பெண்களும். அந்த நேரத்தில் பைபாஸை விட்டு ஊருக்குள் இறங்காமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போவதே மேல். திருவலம் ரோட்டில் ராத்திரி கரும்பு டிராக்டர். அம்முண்டி சர்க்கரை ஆலை அரவை சமயத்தில் இரண்டு டிரெய்லர் கோத்துக்கொண்டு வரும், பின்னால் லைட் இருந்தால் அதிர்ஷ்டம், தொங்குகிற கரும்புத் தோகைதான் லைட்டை மறைத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஆடிக் காற்று. விருதம்பட்டிலிருந்து வேலூர் வருகிற பாலாற்றுப் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும், ஆறு முழுக்க மணல்தானே, அது எழும்பிக் கண்ணுக்குள் வரும். நூறு சிசி வண்டியை அரையடி தள்ளிவிடும் அந்தக் காற்று. பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது பஸ் மறைக்கிற வரை ஒன்றும் தெரியாது, அதன் மூக்கைத் தாண்டிய நொடியில்தான் மொத்தக் காற்றும் வந்து இடிக்கும். இதை ஒரு டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லிக் கொடுத்து நான் கேட்டதில்லை. எனக்குச் சொன்னது ஒரு சீனியர், காட்பாடியில் ஒரு குழந்தை டாக்டர் கிளினிக் வாசலில் காத்திருந்தபோது. "பாலத்துல பஸ்ஸத் தாண்டாத தம்பி, டாக்டர் ஒண்ணும் ஓடிப் போயிட மாட்டாரு" என்றார். அவரிடமிருந்து மருந்து விற்கிற வித்தை ஒன்றும் கற்றுக்கொண்டதாக ஞாபகம் இல்லை, இது மட்டும் நிற்கிறது.

கிளினிக் வாசல் வேப்ப மரத்தடியில் நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதுதான். போட்டிக் கம்பெனிக்காரன், அவன் பிராண்டு என்ன விலை என்று சொல்ல மாட்டான், ஆனால் "ணா, லத்தேரி தாண்டி ரோட்ட வெட்டி வச்சிருக்கான், ஜல்லி கொட்டியிருக்கு, ராத்திரி வராதீங்க" என்று தானாக வந்து சொல்லுவான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது இந்தப் பேச்சு இல்லாவிட்டால் ஒருவனும் வேலை பார்த்திருக்க முடியாது. நாங்கள் குறுக்கு வழியாக நம்பியிருந்த விரிஞ்சிபுரம் தரைப்பாலம் வெள்ளத்தில் போய்விட்டது, குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆற்றிலும் வெள்ளம். காலையில் போனவன் எந்த வழியாகப் போனான், எது திறந்திருக்கிறது என்று போன் போட்டுக் கேட்டுத்தான் அடுத்தவன் வண்டியை எடுத்தான். அந்த வாரமும் மேலிடத்திலிருந்து ஒரு மெயில் வந்தது, இந்த ஏரியாவில் மட்டும் ஏன் டாக்டர் கால், அதாவது டாக்டர்களைப் போய்ப் பார்ப்பது, குறைந்திருக்கிறது என்று. வருடம் முழுக்கத் தண்ணீர் இல்லாத ஆற்றில் வெள்ளம் என்று எழுதினால் நம்புவார்களா என்று யோசித்து, போட்டோவும் சேர்த்து அனுப்பினேன்.

வெயில் பற்றிச் சொல்லாமல் வேலூர் பற்றி எழுத முடியாது. மே மாதம் 4ம் தேதி அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தால் மாசக் கடைசி வரை மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வண்டி ஓட்டுவது தண்டனை. சீட் சுடும், டேங்க்கில் தொடை பட்டால் சுடும், தாரிலிருந்து எழும்புகிற அனல் பேன்ட்டுக்குள் ஏறும். ஹெல்மெட்டுக்குள் நனைத்த கைக்குட்டை போட்டால் சத்துவாச்சாரி தாண்டுவதற்குள் காய்ந்துவிடும். இதில் டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது சட்டை கசங்கியிருக்கக் கூடாது, சிலருக்கு டை வேறு. அதனால் எல்லோரும் மதியத்தை எங்காவது கழிக்கப் பார்ப்போம். எந்த ஸ்டாக்கிஸ்ட்டின் மொத்த மருந்துக் கடையில் ஃபேன் நன்றாக ஓடும், எந்தக் கோயில் மண்டபத்தில் படுத்தால் விரட்ட மாட்டார்கள் என்பதெல்லாம் டாக்டர் லிஸ்ட் மாதிரியே பத்திரமாக வைத்திருக்கும் விஷயம்.

ஆபத்து என்று வரும்போது எல்லோரும் வேகத்தைப் பேசுவார்கள். எங்கள் வேலையில் வேகம் தானாக வருவதில்லை, மணி பார்த்துத்தான் வரும். ரெப்புகளை ஓ.பி. முடிந்த கடைசியில்தான் உள்ளே விடுவார்கள், டாக்டர் கிளம்புவதற்கு முந்தைய அந்தப் பத்து நிமிடத்துக்குள் நான் அங்கே இருக்க வேண்டும். அதைத் தவற விட்டால் நாற்பது கிலோமீட்டர் வந்தது வீண். ஆக, கடைசி மூன்று கிலோமீட்டரில்தான் எல்லா அசட்டுத்தனமும் நடக்கும். யூ-டர்ன் தூரத்தில் இருக்கிறது என்று ராங் சைடில் வருகிறவர்களைத் திட்டுகிறோம், அவர்களிலும் பாதிப் பேர் இப்படி ஒரு மணியைத் துரத்துகிறவர்களாகத்தான் இருப்பார்கள். சர்வீஸ் ரோட்டைப் பாதியில் முடித்து, ஊர்க்காரன் எதிர்ப்பக்கம் போக ரொம்ப தூரம் சுற்றச் சொன்னால் அவன் வேறு என்ன செய்வான்? தப்பு தப்புதான். ஆனாலும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் காகிதப்பட்டறையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த சின்ன வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். என்னுடையது அதற்கு முந்தையது, பின் வீல் தனியாகத்தான் மாரடிக்க வேண்டும். ஒரு நாள் பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்முக்குள்ளிருந்த கருப்புத் தூளை ஊதித் தட்டிவிட்டு, பிரேக் ஷூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். லைனிங் ஒரு ஓரத்தில் காகிதம் போலத் தேய்ந்திருந்தது.

"மேனேஜர மாத்திட்டாங்களா சார்?" என்றார்.

மாற்றித்தான் இருந்தார்கள். புதியவர் வந்து, முதல் டாக்டர் கால் காலை ஒன்பதரைக்குள் கம்பெனியின் மொபைல் ஆப்பில் ஏற வேண்டும், இடத்தோடு சேர்த்துப் பதிவாகும் என்று உத்தரவு போட்டிருந்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் பாய் என்று கேட்டேன்.

"ஷூ சொல்லுதே. நீங்க வேகமா போற ஆளு கிடையாது, இத்தினி வருஷமா பாக்கிறேன். இது கடைசி நேரத்துல முறுக்கி, கடைசி நேரத்துல மிதிச்ச வண்டி. உங்களாட்டம் இன்னும் ரெண்டு ரெப் வண்டி வந்துச்சு இந்த மாசம், அதுலயும் இப்பிடித்தான்."

அந்த மேனேஜர் கெட்ட ஆள் இல்லை. ஒரு முறை ஜாயிண்ட் வொர்க்குக்காக, அதாவது ரெப்போடு சேர்ந்து டாக்டர்களைப் பார்க்க வந்தவர் என் பின்னால் உட்கார்ந்து பள்ளிகொண்டா வரை வந்தார். டோல்கேட்டில் இரு சக்கர வண்டிக்குக் காசு இல்லை, ஓரமாக ஒரு சந்து விட்டிருப்பார்கள், அதில் மண்ணும் சரளையும் கிடக்கும், காலை ஊன்றி ஊன்றித்தான் தாண்ட வேண்டும். பின்னால் இருந்தவர் என் தோளைப் பிடித்தார், இறங்கும் வரை விடவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவருக்கும் மேலே ஒருவர் கேட்கும் கணக்கு இருக்கிறது, ஒன்பதரை ஒன்பதரையாகவே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பைபாஸில் பெங்களூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் பெரிய பெரிய வண்டிகளில் கூட்டமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஜாக்கெட், முட்டிக் கவசம், கையுறை, காலில் பூட்ஸ். ஏலகிரியின் பதினாலு வளைவையும் ஏறிவிட்டு, ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். கிண்டலாகச் சொல்லவில்லை, அவர்கள் போட்டிருக்கிற உடுப்பு எங்களுக்கு அல்லவா வேண்டும் என்று தோன்றும். நாங்கள் போவது வழுக்குகிற ஆபீஸ் ஷூவில். அவர்களுக்கு இருப்பதில் எனக்கு நிஜமாகவே பொறாமை வருவது வேறு ஒன்றில், யாரும் அவர்களை ஒன்பதரைக்கு எதிர்பார்ப்பதில்லை.

பாய் சொன்ன பிறகு நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்காடு நாட்களில் முதல் டாக்டர் கால் வேலூருக்குள்ளேயே, பக்கத்துத் தெரு டாக்டரிடம் என்று வைத்துக்கொண்டேன். ஆப்புக்கு ஒன்பதரைக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும், அதற்கப்புறம் நிதானமாகக் கிளம்பினால் சூரியனும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். ஆம்பூர் நாளில் இந்த வித்தை செல்லாது, அங்கே முதல் டாக்டர் ஆம்பூரில்தான் இருக்க வேண்டும் என்று ஆப் அடம் பிடிக்கிறது. இந்த மாத டூர் பிளானில் செவ்வாய்க்கிழமைகளில் ஆம்பூர், பள்ளிகொண்டா எதுவும் வேண்டாம், புதன்கிழமைக்கு மாற்றித் தரவும் என்று எழுதி, காரணம் கேட்கிற கட்டத்தில் "மாட்டுச் சந்தை" என்று போட்டேன். திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், சரியான காரணம் குறிப்பிடவும் என்று.