கன்னரி: ஒரு பள்ளியும் ஒரு கலையும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வாஷிங்டன் என்ற சிற்றூரில் ‘தி கன்னரி’ என்றொரு உறைவிடப் பள்ளி இருந்தது. அடிமை முறையை வெளிப்படையாக எதிர்த்த ஃபிரெடரிக் வில்லியம் கன் என்ற ஆசிரியர் 1850-இல் அதை நிறுவினார். அவருடைய குடும்பப் பெயரே பள்ளிக்கும் நிலைத்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல், படைவீரர்களைப் போலக் கூடாரத்தில் உறங்க ஆசைப்பட்ட மாணவர்களை அவர் கடற்கரைக்கு நடத்திச் சென்று தங்கவைத்தார். அமெரிக்கக் கோடை முகாம்களின் தொடக்கமாக அதையே பலரும் குறிப்பிடுகின்றனர். 2020 முதல் அப்பள்ளி ஃபிரெடரிக் கன் பள்ளி என்று வழங்குகிறது. அவரை முழுப் பெயரால் நினைவுகூர்வதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்க மரைன் படையின் கன்னரி சார்ஜெண்ட் பதவி இப்பள்ளியோடு தொடர்பற்றது. அது பீரங்கியைக் குறிவைத்துச் சுடும் கலையான கன்னரியிலிருந்து வந்தது. அக்கலையை அறிவியலாக்கியவர்களில் பெஞ்சமின் ராபின்ஸுக்கே நான் முதலிடம் தருவேன். ‘கன்னரியின் புதிய கோட்பாடுகள்’ என்ற அவருடைய ஆங்கில நூல் 1742-இல் வெளிவந்தது. முக்காலியொன்றில் ஊசல்போல் தொங்கும் கனத்த மரப்பலகையின் மீது குண்டைச் சுட்டு, பலகை பின்னோக்கி ஆடும்போது அதனடியில் கட்டிய நாடா எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தை அவர் கணக்கிட்டார். துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,700 அடி வேகத்தில் புறப்படுவதும், அந்த வேகத்தில் காற்றின் தடை அதுவரை கருதியதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதும் இதனால் தெரியவந்தன. குண்டு பரவளையப் பாதையிலேயே செல்லும் என்று நம்பி வகுத்திருந்த அட்டவணைகள் இதனால் ஆட்டம் கண்டன. கணித மேதை ஆய்லர் 1745-இல் அந்நூலை விரிவான உரையுடன் ஜெர்மனில் பெயர்த்தார்.

இந்த ராபின்ஸின் வாழ்வு முடிந்தது நம் கடலூரில். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-இல் இந்தியா வந்த அவர், சென்னைக் கோட்டையையும் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையையும் வலுப்படுத்தத் திட்டங்கள் வகுத்தார்; மறு ஆண்டு காய்ச்சலுற்று அந்தக் கடலூர்க் கோட்டையிலேயே இறந்தார். அக்கோட்டையின் வரலாற்றை எழுதுவோர் கிளைவின் பெயரோடு ராபின்ஸின் பெயரையும் சேர்த்தெழுத வேண்டும் என்பது என் விருப்பம்.