வேலிக் கம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்

திறந்தவெளிச் சுரங்கத்தில் தூசிக் கட்டுப்பாடு என் பொறுப்புக்கு வந்தபோது, எல்லை வேலியோரம் வைத்த தூசி அளக்கும் கருவியின் அளவு மாதக்கணக்கில் வரம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. 24 மணி நேரம் காற்றை இழுத்த வடிதாள், போட்டபோது வெள்ளை, எடுக்கும்போது பழுப்பு. முதல் வேலையாகத் தண்ணீர் லாரி நடைகளை இரட்டிப்பாக்கினேன். ரோடு சேறானது. டம்பர் லாரிகளின் சக்கரங்கள் சேற்றை வாரிக்கொண்டுபோய் வழியெல்லாம் உதிர்த்தன. காய்ந்ததும் அதே மண் மாவாகப் பறந்தது.

"ரோட்டுக்குப் போட்ட கல்லே மெத்துன்னு இருக்கு சார். எங்க சக்கரம் அதை அரைச்சுக்கிட்டே இருக்கு. நீங்க தண்ணி ஊத்தி என்ன ஆகும்?" என்றார் ஒரு டம்பர் ஓட்டுநர். மறுநாள் அவரோடு அந்த ரோடு முழுக்க நடந்தேன். அவர் சொன்னது சரி. மென்பாறையை வழித்தெடுத்துவிட்டு கெட்டியான சல்லி பரப்பினோம், ரோட்டைச் சமன்படுத்தும் கிரேடரை அடிக்கடி ஓட்டினோம், வேகத்தைக் குறைத்தோம். பிறகு கால்சியம் குளோரைடு தெளித்தோம். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்வதால் தண்ணீர் நடை குறைந்தது. ஆனால் நல்ல மழை பெய்தால் கரைந்து போய்விடும், வண்டியின் இரும்பையும் அரிக்கும். இரண்டையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

கல் உடைக்கும் கிரஷரில் வேறு பாடம். பெரிய துளியாகத் தெளித்தால் நுண்தூசி அதில் ஒட்டாது, துளியைச் சுற்றி வளைந்தோடும் காற்றோடு நழுவிவிடும். துளியும் தூசியும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால்தான் மோதி ஒட்டும். மூடுபனி போலத் தெளிக்கும் முனைகளை மாட்டினோம், கல் விழும் உயரத்தையும் குறைத்தோம்.

வெடிவைப்பில் ஆரஞ்சு நிறப் புகை வந்தால் அது நைட்ரஜன் டை ஆக்சைடு. பெரும்பாலும் வெடிமருந்து நிரப்பும் துளையில் தண்ணீர் தேங்கி அமோனியம் நைட்ரேட் கலவை கெட்டுப்போனதன் அடையாளம். ஈரத் துளைகளுக்குத் தண்ணீர் தாங்கும் எமல்ஷன் வெடிமருந்துக்கு மாறினோம்.

இதில் எனக்கு இன்றும் வலிப்பது ஒன்று. வேலிக்கு வெளியே போகும் தூசியைத்தான் இத்தனை நாளும் அளந்தேன். சட்டைக் காலரில் மாட்டும் சிறு கருவியை ஷிஃப்ட் முழுக்க ஆட்கள் அணிந்த பிறகுதான், ட்ரில் ஆப்பரேட்டரின் அளவு எல்லாரையும்விட அதிகம் என்று தெரிந்தது. அவருடைய கேபின் ஏசி பழுது, அதனால் கதவைத் திறந்து வைத்தே துளையிட்டிருக்கிறார். எங்கள் பாறையில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, அதிகம். நுரையீரலின் அடிவரை போகும் சிலிக்கா துகள் கண்ணுக்கே தெரியாது. அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை.

அன்றே அந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். ஏசியைச் சரிசெய்து, கதவு ரப்பரையும் கேபின் பில்டரையும் மாற்றி, துளைக்குள் தண்ணீர் செலுத்தித் தோண்டும் முறைக்கு மாறிய பிறகே ஓட விட்டோம். அடுத்த சோதனையில் அவருடைய அளவு வரம்புக்குள் வந்தது. வேலியோரக் கருவி வரம்புக்குள் வர மேலும் நான்கு மாதங்கள் ஆயின. பலத்த காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் இன்னும் தாண்டுகிறது. அந்த நாட்களில் மேல்மண் ஏற்றுவதை நிறுத்திவிடுகிறோம்.