மெஷர்டு டிராயிங்: ஓர் அறையை அளந்து ஷீட்டில் ஏற்றுவது வரை

இன்டீரியர் டிசைன் படிப்பில் சேர்ந்ததும் சோபாவும் திரைச்சீலையும் வரையச் சொல்வார்கள் என்று பலர் நினைத்து வருகிறார்கள். முதல் வருடத்தில் கையில் விழுவது பெரும்பாலும் மெஷர்டு டிராயிங்தான். ஏற்கெனவே இருக்கும் ஓர் அறையை அளந்து பிளான் (அறையைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பது), நான்கு எலிவேஷன் (ஒவ்வொரு சுவரையும் நேராகப் பார்ப்பது), ஒரு செக்ஷன் (அறையைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பது), கடைசியில் மாடல் என்று கொடுக்க வேண்டும். வரைவதில் பிழை வந்தால் அழித்துக்கொள்ளலாம். அளப்பதில் வந்தால் திரும்ப அந்த அறைக்குப் போக வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு அது பூட்டிக் கிடக்கும்.

மூன்று பேர் போவது நல்லது. ஒருவர் டேப் நுனியைப் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. எழுதுபவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாமே மில்லிமீட்டரில். 'மூணு அறுபது' என்றால் 3600-ஆ, 3060-ஆ என்று மறுநாள் சண்டை வரும்.

7.5 மீட்டர் ஸ்டீல் டேப் போதும். அதன் நுனிக் கொக்கி லேசாக ஆடும். பழுதென்று நினைத்துத் தட்டி இறுக்கிவிடாதீர்கள். கொக்கி மாட்டி இழுக்கும்போதும் சுவரில் முட்டி அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சரியாக வருவதற்காகத்தான் அதை ஆடவிட்டிருக்கிறார்கள்.

அளக்கும் முன் அறையைக் கைவாக்கில் பெரிதாக ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஸ்கேல் வேண்டாம், ஆனால் ஜன்னல், கதவு, தூண், சுவிட்ச் போர்டு எதுவும் விடுபடக் கூடாது. பிறகு ஒரு மூலையில் டேப்பின் நுனியை வைத்து, எடுக்காமல், ஜன்னல் தொடக்கம், ஜன்னல் முடிவு, தூண், அடுத்த மூலை என்று ஓட்ட அளவாகப் படியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் துண்டுக்கு 3 மில்லி தவறினாலும் ஆறு துண்டில் 18 மில்லி. தரையோடு ஒட்டி அளந்தால் ஸ்கர்ட்டிங் டைலின் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டையின்) தடிமன் இரு பக்கமும் அளவைத் தின்றுவிடும். இடுப்பளவு உயரத்தில் அளப்பதே சரி.

அடுத்து, பலர் விட்டுவிடுவது: இரண்டு மூலைவிட்டங்களும். 3600 × 4200 அறையில் நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் இரண்டும் 5532 வரும். ஒன்று 5510, மற்றது 5553 என்று வந்தால் அறை சாய்ந்திருக்கிறது. கோணத்தில் அரை டிகிரிகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 4200 நீளத்தில் அது சுமார் 33 மில்லி. அடுத்த செமஸ்டரில் அதே சுவரில் அலமாரி டிசைன் செய்தால் அந்த 33 மில்லி முக்கோண இடுக்காகப் பல்லிளிக்கும்.

சுவரின் தடிமனைக் கதவுத் திறப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது அங்குலச் சுவர் என்றாலும் இரு பக்கப் பூச்சோடு 250 முதல் 260 வரை வரும். 230 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். உயரத்தில் தரையிலிருந்து சீலிங், பீமின் அடி, ஜன்னலின் அடி விளிம்பு (சில்), ஜன்னலுக்கு மேலுள்ள விட்டம் (லிண்டல்) நான்கும் வேண்டும். சீலிங் உயரத்தை நான்கு மூலையிலும் எடுங்கள்.

இனி ஷீட். அதை போர்டில் ஒட்டும் முன் கணக்குப் போடுங்கள். அதே 3600 × 4200 அறை 1:20 ஸ்கேலில் (நிஜத்தின் 20 மில்லி ஷீட்டில் 1 மில்லி) 180 × 210 மில்லி. A2 ஷீட் 594 × 420. பிளானுக்குப் பக்கத்தில் இரண்டு எலிவேஷன் வைத்தால் அகலம் மட்டும் 180 + 180 + 210 = 570. மார்ஜினுக்கும் அளவுக் கோடுகளுக்கும் இடமே இருக்காது. 1:25-க்கு மாறினால் 456-இல் முடியும். 1:50-இல் 72 × 84; தீப்பெட்டி மாதிரி நடுவில் கிடக்கும்.

முதலில் 2H (மெல்லிய கோடு போடும் கடினமான) பென்சில், பிறகு மை. பிளானில் வெட்டுப்பட்ட சுவருக்கு 0.5 மில்லி பேனா, அதற்கு அப்பால் தெரிவது 0.3, டைல் கோடுகள் 0.1. எல்லாவற்றையும் ஒரே பேனாவில் வரைந்த பிளானில் சுவர் எது, கட்டில் எது என்று தெரியாது. மை போடும்போது மேலிருந்து கீழே வாருங்கள், கை இழுத்து அழியாது. கேட்வே ஷீட்டில் (ஒளி ஊடுருவும் டிரேசிங் தாளில்) பிழை வந்தால் மை நன்றாகக் காய்ந்தபின் பிளேடால் மெதுவாகச் சுரண்டலாம்.

மாடலில் சறுக்குவது போர்டின் தடிமனில். 5 மில்லி ஃபோம் போர்டில் 1:20 மாடல் என்றால் இரண்டு சுவர்களை 210 நீளத்தில் வெட்டி, அவற்றின் முனைகளை மூடி நிற்கும் மற்ற இரண்டை 190-இல் வெட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே 180 கிடைக்கும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து, அழுத்தாமல் மூன்று தடவை இழுங்கள். ஒரே இழுப்பில் வெட்டினால் விளிம்பு பிய்ந்துபோகும். தெர்மாகோலில் ஃபெவிக்விக் வைக்காதீர்கள், உருகிக் குழியாகும். ஸ்ப்ரே பெயின்டும் அப்படியே. ஃபெவிகால் காய நேரமாகும்தான், வேறு வழியில்லை.

கம்ப்யூட்டரில் ஆட்டோகேடில் வரைபவர்களுக்கு வேறொரு கண்டம்: பிரின்ட் கடையில் படத்தைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிடும் 'ஃபிட் டு பேஜ்' அழுத்திவிடுவார்கள். ஷீட்டில் 1:25 என்று எழுதியிருக்கும், மதிப்பெண் போடும் ஜூரி ஸ்கேல் வைத்தால் எதுவும் ஒத்துவராது. ஷீட்டின் ஓரத்தில் சரியாக 100 மில்லிக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். கடையிலேயே அதை அளந்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.