மூன்றாம் வகுப்பு, தேன்கனிக்கோட்டைப் பக்கம்

நவம்பர் 3
அம்மாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.
இன்று கடன் வாங்கிக் கழித்தல். பாடக்குறிப்பின் கடைசிக் கட்டத்தில் ‘மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்’ என்று எழுதினால் கையெழுத்து கிடைத்துவிடும். நாளைக்கு வகுப்பில் என்ன செய்வது என்பதை அந்த வரி சொல்லாது. அதனால்தான் இந்த நோட்டு. யார் என்ன சொன்னார்கள், வகுப்பு எந்த இடத்தில் நின்றுபோனது, அது மட்டும். ‘நல்லா போச்சு’, ‘சரியில்ல’ இரண்டுக்கும் இங்கே இடமில்லை.

நவம்பர் 4
ஜன்னலோரத்துப் பெண் இன்றும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 6
52இல் 27 போனால் 35. பல நோட்டுகளில் இதே விடை. பார்த்து எழுதியிருப்பார்கள் என்றார் பக்கத்து வகுப்பு டீச்சர். ஆனால் இவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்காருகிறவர்கள். ராத்திரி நோட்டுகளைத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 5இல் 2 போனால் 3, சரி. 2இல் 7 போகாது. அதனால் 7இல் 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறார்கள்! பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும் என்று ஒன்றாம் வகுப்பில் கேட்டதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள். கவனக்குறைவே கிடையாது. எத்தனை பிள்ளைகள் இப்படி ஒழுங்காக யோசித்ததற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி வாங்கியிருப்பார்கள்! நினைத்தால் மனசு ஆறவில்லை.
நாளைக்குக் குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு.

நவம்பர் 7
அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. இருபத்தேழு எடுக்கச் சொன்னேன். ஒருவன் உதிரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனாகவே ஒரு கட்டைப் பிரித்தான். ‘பன்னெண்டு ஆயிடுச்சு டீச்சர்.’ ஏழு உதிரியையும் ரெண்டு கட்டையும் எடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணினான். நான் கேட்காமலே நோட்டை எடுத்து 35ஐ அடித்துவிட்டு 25 எழுதினான்.

நவம்பர் 9
ஞாயிறு. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், ‘அது கெடக்கட்டும், நீ சாப்பிட்டியாட்டி?’ என்கிறாள் அம்மா. இங்கிருந்து திருநெல்வேலிக்குப் போய்ச் சேரவே ஒரு ராத்திரி ஆகும்.

நவம்பர் 11
வகுப்பை ஃபோனில் பதிவுசெய்து கேட்டேன். கேள்வி கேட்கிறேன், மூச்சு விடுவதற்குள் அடுத்த பிள்ளையின் பெயர். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதையே ஒலிநாடாவில் அளந்தார்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருப்பது சுமார் ஒரு விநாடி. அது மூன்று விநாடி ஆனால் விடைகள் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசுவார்கள். பயிற்சியில் தேர்வுக்காகப் படித்தது, என் குரலிலேயே கேட்கும்போதுதான் உறைக்கிறது.
பதிவில் இன்னொன்றும் இருந்தது. அப்போது ஃபோன் ஜன்னலில் இருந்தது. நான் ஜன்னலோரத்துப் பெண்ணைக் கேட்டுவிட்டு அடுத்தவனிடம் போன பிறகு, ஒரு சன்னக் குரல்: ‘எனிமிதி, தொம்மிதி, பதி...’
வீட்டில் தெலுங்கு. அவள் தெலுங்கில் எண்ணி, விடையைத் தமிழுக்குக் கொண்டுவருகிறாள். அது வந்துசேரும்போது நான் அங்கே இல்லை. இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான், அது எனக்குத் தெரியும். அவள் தலைக்குள் நடக்கும் இந்த வேலை தெரியாது.

நவம்பர் 12
ராகிக் காட்டில் யானை இறங்கியிருக்கிறதாம். பாதி வகுப்பு காலி. அவளும் வரவில்லை.

நவம்பர் 13
வந்தாள். 14இல் 6 போனால் எவ்வளவு என்று கேட்டுவிட்டு நின்றேன். இரண்டு பேர் கத்த வந்தார்கள், கையமர்த்தினேன். விரல்கள் பாவாடை மடிப்புக்குள் நகர்ந்தன. ‘எட்டு.’ ‘எப்படிம்மா?’ என்றேன். தெலுங்கிலேயே சொன்னாள், பக்கத்துப் பையன் தமிழில் எடுத்துச் சொன்னான். பத்தில் நிறுத்தி, மிச்ச ரெண்டையும் கழித்திருக்கிறாள். நான் இன்னும் சொல்லிக்கொடுக்காத வழி!
செய்த பிறகு யோசிப்பது, செய்யும்போதே யோசிப்பது என்று டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்க அறிஞர் 1983இல் பிரித்துச் சொன்னார். முதலாவதற்கு இந்த நோட்டு. இன்று நின்றேனே, அது இரண்டாவது. ராத்திரி எழுதி எழுதித்தான் பகலில் நிற்க வந்தது என்று நம்புகிறேன்.

நவம்பர் 14
குழந்தைகள் தினம். மிட்டாய். அம்மாவுக்கு மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வேறெதுவும் எழுத முடியவில்லை.

நவம்பர் 17
எச்.எம். சார் இந்த நோட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தார். ‘ரெண்டாம் வகுப்புக்கும் இப்படி எழுதுங்க டீச்சர்’ என்றார்.
நாளைக்கு 40இல் 16. பூஜ்ஜியத்தை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 36 வந்தால் யாருடைய நோட்டில், அவளிடம் தெலுங்கில்