முத்துவின் வலது பின்னங்கால்

நாலு எட்டு ஓடுவாள் எங்கள் நாய் முத்து. சட்டென்று வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுவாள், ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி ஓடுவாள். பாம்பன் கரையில் வலை உலர்த்துகிற இடத்தில் இதை முதலில் கவனித்தது என் வீட்டுக்காரர்தான். பொமரேனியன் கலப்பு அவள். சுளுக்கு என்று ஊரில் இரண்டு முறை ஊசி போட்டார்கள். அப்படிப் போன எட்டு மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதற்குள் அந்தக் காலை ஊன்றுவதையே குறைத்துவிட்டாள்.

கடைசியில் வாடகைக் கார் பிடித்துச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். எக்ஸ்ரே படத்தைக் காட்டி டாக்டரம்மா விளக்கினார். தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில்தான் முழங்கால் சில்லு வழுக்கி ஓட வேண்டும். சின்ன இன நாய்களுக்கு அது பெரும்பாலும் உள்பக்கம் விலகும். இந்த விலகலில் மொத்தம் 4 நிலைகள். இவளுக்கு 3-வது, கையால் தள்ளினால் சில்லு பள்ளத்துக்குள் போகும், விட்டால் சரிந்துவிடும். தொடை எலும்பும் வளைந்திருந்தது. அதனால் எலும்பில் ஆப்பு வடிவத் துண்டு வெட்டி, நிமிர்த்தி, உலோகத் தகடு வைத்தார்கள். பள்ளத்தை ஆழமாக்கினார்கள். சில்லின் தசைநாண் பிடித்திருக்கும் கீழ்க்கால் எலும்பு மேட்டை வெளிப்பக்கம் நகர்த்திக் கம்பியால் பொருத்தினார்கள்.

எட்டு வாரம் ஓட்டம் கிடையாது, படி கிடையாது. கட்டிலடியில் பாய் போட்டு நானும் அவளோடு படுத்தேன்.

எலும்பு கூடியதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே தண்ணீரில் நடக்கவிடச் சொன்னார்கள். தென்காற்று வீசும் சோளகக் காலம், பாம்பனின் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம்போல் கிடந்தது. முட்டளவுத் தண்ணீரில் நான் நிற்க, முத்து நாலு காலையும் ஊன்றி என்னிடம் வந்தாள்.